கோயில் முகாமும் ஒரு குழல் இரத்தமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் நிர்வாகக் குழு கூடியபோது, புரட்டாசி மாத மருத்துவ முகாமில் ‘ஒரே இரத்தப் பரிசோதனையில் எல்லாப் புற்றுநோயையும் கண்டுபிடிக்கும்’ சோதனையை வைக்கலாமா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். டர்பனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் இரத்தக் குழல்களோடு காலம் தள்ளியவன் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வேண்டாம் என்றேன். அங்கே விளக்க நேரமில்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சோதனைக்கு அடிப்படை, சதையை வெட்டி எடுக்காமல் இரத்தத்திலேயே புற்றின் தடயத்தைத் தேடும் ‘லிக்விட் பயாப்ஸி’ முறை. அதன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. இரத்தத்தில் டி.என்.ஏ துணுக்குகள் மிதக்கின்றன என்பதை மாண்டெல், மெத்தே என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1948-லேயே கண்டார்கள். புற்றுக்கட்டியின் செல்கள் மடியும்போது அவற்றின் துணுக்குகளும், கட்டிக்கே உரிய மரபணுப் பிறழ்வோடு, இரத்தத்தில் கலக்கின்றன. சில மணி நேரத்தில் அவை அழிந்துவிடுவதால், இன்று எடுத்த இரத்தம் இன்றைய நிலையைச் சொல்லும். நுரையீரல் புற்றில் இது பெரிய உதவி. மார்பில் ஊசி செலுத்திச் சதை எடுக்கும்போது நுரையீரல் சுருங்கிவிடும் அபாயம் உண்டு; ஏற்கெனவே மூச்சுத் திணறும் முதியவருக்கு அதை இரண்டாம் முறை செய்ய யாருக்கும் மனம் வராது. இ.ஜி.எஃப்.ஆர் மரபணுவில் பிறழ்வு உண்டா, எந்த மாத்திரை பலன் தரும் என்பதைக் கையில் எடுத்த இரத்தமே அவருக்குச் சொல்லிவிடக்கூடும். ஆனால் 2016-ல் இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே, இரத்தத்தில் பிறழ்வு தென்படாவிட்டால் சதைப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றது. விளம்பரங்களில் அந்த வரியை நான் பார்த்ததில்லை.

குடல் புற்றில் அறுவை முடிந்தவர்களுக்கும் இது பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் நிலை (ஸ்டேஜ் 2) நோயாளிகள் 455 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், வழக்கமான முறையில் 28 சதவீதம் பேர் கீமோ பெற்றார்கள்; இரத்தத்தில் கட்டியின் துணுக்குகள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்த்து முடிவெடுத்த பிரிவில் 15 சதவீதமே. அதனால் நோய் திரும்புவது கூடவில்லை.

நோயே இல்லாதவரிடம் கதை வேறு. அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 6,621 பேரிடம் பல புற்றுகளைத் தேடும் சோதனை நடந்து, 2023-ல் முடிவுகள் வெளியாயின. 92 பேருக்குப் புற்றின் அடையாளம் தெரிந்தது. உண்மையில் புற்று இருந்தது 35 பேருக்கு. மீதி 57 பேரும் ஸ்கேன், ஊசி, தூக்கமில்லாத இரவுகள் என்று அலைந்த பிறகே நிம்மதி பெற்றிருப்பார்கள். நம் ஊரில் அவர்கள் எங்கே அலைவது? எங்கள் குவாசுலு-நாட்டால் மாகாணத்து அரசு மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளின் உரிமைகள் மீறப்பட்டதாக 2017-ல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையமே அறிக்கை தந்தது. சிகிச்சைக்குக் காத்திருப்போரின் வரிசையில் நோயில்லாதவர்களையும் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனமில்லை. ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவை வாங்கிக்கொண்டு, மலத்தில் இரத்தம் வந்தும் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுபவரை நினைத்தால் இன்னும் பயம்.

முகாமுக்கு நான் கேட்டது வேறு. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஒருமுறை, மொத்தம் மூன்று கருப்பைவாய்ப் பரிசோதனைகளை அரசு கிளினிக்கில் இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்பதே நம் பெண்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஒரு நர்ஸம்மாவும் ஒரு மேசையும் போதும். குழு இன்னும் பதில் சொல்லவில்லை.