தாயக்கட்டையும் 17-ஆம் பாகமும்

'கொனோசுபா' என்ற ஜப்பானிய நகைச்சுவை மாயாஜால நாவல் தொடரின் கடைசியான 17-ஆம் பாகத்தில் சிரிப்பு வற்றிவிட்டது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நட்சுமே அகாட்சுகி 2013-ல் புத்தகமாகத் தொடங்கி 2020 மே மாதம் முடித்த கதை. நடுவில் சில பாகங்கள் இழுவை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முதல் பாகத்தை நினைத்துப் பாருங்கள். மந்திரக்காரப் பெண் மெகுமின் நாளுக்கு ஒரே ஒரு வெடி மந்திரம்தான் போடுவாள். போட்டதும் சுருண்டு விழுவாள், கதாநாயகன் கஸுமா முதுகில் சுமந்து வரவேண்டும். தலையைக் கையில் பிடித்த அசுரத் தளபதியே, அவள் தினமும் தன் கோட்டைமேல் வெடி போடுவதைத் தாங்கமுடியாமல் ஊர்வாசலுக்கு வந்து சண்டை போடுவான். பக்கத்து வீட்டுச் சண்டை தோற்றது!

அந்த உலகத்தில் வீடியோ கேம் மாதிரி ஒவ்வொருவர் திறமைக்கும் புள்ளி உண்டு; கஸுமாவுக்கு அதிர்ஷ்டப் புள்ளி மட்டும் எக்கச்சக்கம். கோத்தகிரியில் மழைக்குக் கரண்ட் போனால் நாங்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாயம் ஆடுவோம். எங்கள் அத்தை கட்டையைப் பேச்சுப் பராக்கில் உருட்டினாலே தாயம் விழும். மாமா ஊதி ஊதி உருட்டியும் அரைமணி நேரம் காய் இறங்காது. அந்த எரிச்சலும் சிரிப்பும்தான் இந்தக் கதை. கடைசிப் பாகத்தில் அசுர மன்னனோடு மோதும்போதும் அது மாறவில்லை. முடிவைச் சொல்லமாட்டேன், படிக்காதவர்கள் இருப்பார்கள்.

என் பிரதி மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறிவந்தது. இங்கத்திய ஈரத்தில் ஓரமெல்லாம் அப்பளமாக நெளிந்துவிட்டது. வேண்டுமானால் வாங்கிப் படியுங்கள், வர்க்கித்தூள் உதிர்ந்தால் கோபிக்காதீர்கள்.