ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை பிள்ளைகளுக்கு ஏற்றதா?

‘சிங்கப்பூரின் கிராஞ்சி பந்தயத் திடலில் ஓடி ஓய்வுபெற்ற குதிரைகள் நன்கு பழகியவை; பிள்ளைகள் சவாரி கற்க அவையே சிறந்தவை’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் நடந்தது உண்மைதான். ஆனால் பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரை பழகியது ஓடுவதற்கு. புதிதாக ஏறிய பிள்ளை பயத்தில் கடிவாள வாரை இறுகப் பிடிக்கும். பந்தயக் குதிரைக்கோ அந்த இறுக்கமே வேகமெடுக்கச் சொல்வதாகத் தோன்றலாம். மாதக்கணக்கில் மறுபயிற்சி பெற்றவை வேறு கதை.

குடும்பத்துக்கு ஹாஃப்லிங்கர், குவார்ட்டர் ஹார்ஸ் போன்ற நிதானமான இனங்கள் பொருந்தும். அதிலும் 10 வயது தாண்டிய, பலரைச் சுமந்து பழகிய குதிரையே என் தேர்வு. போனி எனும் குட்டை இனக் குதிரை என்றால் சாது என்றும் நம்பிவிடாதீர்கள். புல்லைக் கண்டதும் சட்டெனத் தலையைத் தாழ்த்தும். பிள்ளை கழுத்து வழியே சறுக்கித் தரைக்கு வந்துவிடும்.