கேர்னல் மொடியூல் இல்லையாம்!

தங்கச்சி ஏஎல் படிக்க உதவுமெண்டு பழைய லாப்டொப்புக்கு லினக்ஸ் போட்டா, பாதியில சிவப்புத் திரை வந்து கேர்னல் (லினக்ஸின்ர மையப் புரோகிராம்) மொடியூல், அதாவது டிஸ்க் மாதிரிச் சாமான்களை ஓட வைக்க கேர்னலோட சேருற துண்டுகள், ஒண்டும் காணேல்லையாம், அது இல்லாமலே தொடரட்டோ எண்டு கேக்குது. தொடர்ந்தா ஹார்ட்டிஸ்க்கையே கண்டுபிடிக்காது! Alt+F2 அடிச்சு, கேர்னல் வேர்ஷனைக் காட்டுற uname கட்டளையைப் போட்டுப் பார்த்தாத்தான் விளங்குது, பென்ட்ரைவில இருக்கிற சின்ன ஐஎஸ்ஓவில (இன்ஸ்டோல் பண்ணுற ஃபைல்) பழைய கேர்னல், மிச்சத்தை இறக்கிற சேர்வரில புதுசு வந்தவுடன பழைய மொடியூலெல்லாத்தையும் தூக்கிட்டினம். அட, ரெண்டு வேர்ஷன் நம்பரையும் அந்தத் திரையிலயே போட்டா என்ன குறைஞ்சு போகும்? சும்மா கேர்னலும் மொடியூலும் பொருந்தேல்லைப் போல எண்டு சொன்னா மனுசன் எங்க போய்த் தேடுறது? உப்புவெளியில பின்னேரமானா எங்கட வீட்டில சிக்னல் ஒரு கோடுதான், டேட்டாவும் காசு, அதில திரும்ப முழுசா இறக்கிற ஆளின்ர நிலைமைய ஆரும் யோசிக்கிறேல்ல, இவள் வேற பக்கத்தில நிண்டு முடிஞ்சுதோ முடிஞ்சுதோ எண்டு கேட்டபடி.