எடை மெஷினை நம்பிப் பயிற்சியை விடாதீர்கள்

"ஒரு மாசம் ஜிம்முக்குப் போனேன், அரை கிலோகூடக் குறையலை, விட்டுட்டேன்." இப்படிச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உடற்பயிற்சியைக் கொழுப்பைக் கரைக்கும் மந்திரமாக விற்றவர்கள் மேல்தான் கோபம்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ உள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350. உடம்பில் ஒரு கிலோ கொழுப்புக்குள் இருப்பதோ சுமார் 7,700. அதாவது 22 ஓட்டம், அதுவும் வாய் கூடுதலாக எதையும் கேட்காமல் இருந்தால்! ட்ரெட்மில் திரையில் மின்னும் எண்ணில், சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் கலோரியும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

உடம்பும் லேசுப்பட்டது இல்லை. டான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களின் ஆற்றல் செலவை அமெரிக்க மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சரின் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். தினமும் அவ்வளவு நடக்கும் அவர்களும், நகரத்து அமெரிக்கர்களும், உடல் அளவைக் கணக்கில் கொண்டால் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் செலவழித்தார்கள். உழைப்பு கூடும்போது உடம்பு வேறு வேலைகளில் சிக்கனம் பிடிக்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை உண்டு. காலையில் ஓடிவிட்டு அன்று முழுக்க சோபாவை விட்டு எழாதவர்களை நாமே பார்த்திருக்கிறோமே.

சரி, அப்புறம் எதற்கு மெனக்கெட வேண்டும்? எடை மெஷின் மொத்தத்தைத்தான் சொல்லும். அதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று சொல்லாது. பயிற்சி செய்பவர்களுக்கு எடை அசையாதபோதும் குடலையும் கல்லீரலையும் சுற்றியுள்ள கொழுப்பு குறைவதுண்டு. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவிடுவதில் அந்தக் கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும். எடை தூக்கும் பயிற்சியும் போதிய புரதமும் அந்த இழப்பைக் குறைக்கும். இளைத்த பிறகு எடை மறுபடி ஏறாமல் பார்த்துக்கொள்வதிலும் பயிற்சி நிறையவே உதவுகிறது.

இன்னொன்று. புதிதாகத் தொடங்கியவரின் தசை, சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கூடுதலாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். முதல் வாரங்களில் முள் மேலே போனால் அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

"தசை கூடினால் தூங்கும்போதே கொழுப்பு கரையும்" என்பதும் மிகைதான். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளொன்றுக்கு எரிப்பது வெறும் 13 கலோரி.

அளந்தே ஆக வேண்டும் என்றால் தையல் டேப்பை எடுங்கள். மாதம் ஒருமுறை, காலையில், சாப்பிடும் முன், இடுப்பைச் சுற்றி. வயிற்றை எக்காமல்!