"ஒரு வேர் (WHERE) கண்டிஷன் போட்டால் போதுமே" என்று இனி என்னிடம் யாரும் சொல்லாதீர்கள்

மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. வேலை இதுதான்: தலைமை அலுவலக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் அந்தந்தக் கிளையின் பில்கள் மட்டும் போக வேண்டும். ரத்தான பில் போகக் கூடாது. மீட்டிங்கில் மேனேஜர் சொன்னார்: "பப்ளிகேஷனில் ஒரு வேர் கண்டிஷன் போட்டால் போதுமே, அரை மணி நேர வேலை." பப்ளிகேஷன் என்றால் எந்த டேபிள்களின் மாற்றங்களை வெளியே அனுப்புவது என்ற பட்டியல்; வேர் கண்டிஷன் என்றால் அதில் எந்த ரெக்கார்டு போகலாம் என்ற நிபந்தனை. டெஸ்ட் செய்ய இரண்டு நாள் கேட்டேன். கிடைக்கவில்லை.

2022-இல் வந்த 15-ஆம் வெர்ஷனில்தான் இந்த வசதியே உள்ளுக்குள் வந்தது. அதற்கு முன்னால் தனியாகச் சேர்க்கும் பிஜிலாஜிக்கல் எக்ஸ்டென்ஷன், டேபிளில் மாற்றம் வந்தால் தானாக ஓடும் ட்ரிக்கர் என்று மாரடித்தவள் நான். வசதியைக் குறை சொல்லவில்லை. அதை அரை மணி நேர வேலை என்கிற வாயைத்தான் சொல்கிறேன்.

ராத்திரி 11 மணிக்கு பப்ளிகேஷனை உருவாக்கினேன். எரர் இல்லை, ஒரு எச்சரிக்கைகூட இல்லை. காலையில் கடை திறந்ததும் போன் மேல் போன். புது பில் விழுகிறது, ஆனால் போட்ட பில்லைத் திருத்த முடியவில்லை. அப்டேட் போகும் ஒவ்வொரு இடத்திலும் எரர்: வேர் கண்டிஷனில் இருக்கும் ஃபீல்டு ரெப்ளிகா ஐடென்டிட்டியில் (மாறும் ரெக்கார்டு எது என்று மறுபக்கத்துக்கு அடையாளம் காட்டும் ஃபீல்டுகளில்) இல்லையாம். நாமாக வேறு சொல்லாவிட்டால் டேபிளின் ப்ரைமரி கீதான் அந்த அடையாளம். கிளை எண்ணும் பில் நிலையும் ப்ரைமரி கீயில் இல்லை, அதனால் அப்டேட்டும் டெலீட்டும் கிடையாது. அதுவும் எங்கே? கிளையில் இல்லை, தலைமை அலுவலகத்தில்! அந்த நேரத்தில் ஒரு கிளைகூட சப்ஸ்கிரைப் செய்யவில்லை. யாருமே வாங்காத பப்ளிகேஷன் ஒன்று ஓடிக்கொண்டிருந்த பில்லிங்கை நிறுத்திவிட்டது. உருவாக்கும்போதே இதைச் சொன்னால் என்ன கெட்டுவிடும்?

சரி, அந்த ஃபீல்டுகளைச் சேர்த்து யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு முறை வர விடாத இண்டெக்ஸ்) போட்டு அதையே ஐடென்டிட்டி ஆக்கலாம் என்றால், அதில் நல் (NULL, மதிப்பே போடாத காலி) வரக்கூடிய ஃபீல்டு இருக்கக் கூடாது. எங்கள் பில் நிலை ஃபீல்டில் பழைய பில்களுக்கெல்லாம் நல்தான். வேறு வழியில்லாமல் ஐடென்டிட்டியை 'ஃபுல்' என்று மாற்றினேன். இப்போது ஒரு பில்லில் ஒரு எழுத்தைத் திருத்தினாலும் பழைய ரெக்கார்டு முழுவதும் வால் (WAL) ஃபைலில், அதாவது டேட்டாபேஸ் தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாகில், எழுதப்படுகிறது. டிஸ்க் ஏன் நிரம்புகிறது என்று கேட்பதும் அதே மேனேஜர்தான்.

அந்த நல் அதோடு விடவில்லை. நான் எழுதிய கண்டிஷன்: நிலை 'ரத்து' இல்லை என்றால் அனுப்பு. நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. விடை ஆம் என்று வராத ரெக்கார்டு போகாது. லாக் சுத்தமாக இருந்தது, ரெப்ளிகேஷன் லேக் (கிளைக்குப் போய்ச் சேர்வதில் தாமதம்) பூஜ்யம், எல்லாம் பச்சை. பத்து நாள் கழித்து ஒரு கிளையின் கணக்குப் பெண் போன் செய்தாள்: "அக்கா, மார்ச் மாசத்துப் பழைய பில் ஒண்ணுகூட வரல. நான்தான் ஏதாவது அழிச்சிட்டேனா?" அந்தக் குரலில் இருந்த பயம்தான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. தன் மேல் தப்பு என்று பத்து நாள் தேடியிருக்கிறாள்.

நல்லையும் சேர்த்துக்கொள்ளும்படி கண்டிஷனைத் திருத்தினேன். திருத்தினால்? முன்பு விட்டுப்போனது தானாக வந்து சேராது. கிளையின் டேபிளைக் காலி செய்து, சப்ஸ்கிரிப்ஷனை நீக்கி, முதலிலிருந்து காப்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

அப்புறம் பில்லுக்குள் இருக்கும் பொருள் வரிகள். அந்த டேபிளில் கிளை எண்ணே கிடையாது. வேர் கண்டிஷனுக்குள் வேறு டேபிளைப் பார்க்க முடியாது, சப்குவெரி எடுக்காது. ஆக லட்சக்கணக்கான வரிகளில் கிளை எண்ணை நிரப்ப வேண்டும். ஒரு பில்லைக் கிளை மாற்றினால் பழைய கிளைக்கு அந்த அப்டேட் டெலீட்டாகப் போகும், அது சரிதான். ஆனால் பொருள் வரிகளில் கிளை எண்ணை மாற்ற மறந்தால் அவை அங்கேயே அநாதையாகக் கிடக்கும். ரெப்ளிகேஷன் வழியாக வரும் மாற்றத்துக்கு ஃபாரின் கீ சோதனை (வரிக்குரிய பில் இருக்கிறதா என்று பார்ப்பது) நடக்காது, யாரும் தடுக்க மாட்டார்கள்.

இத்தனையும் டாக்குமென்டேஷனில் இருக்கிறது. படிக்க நேரம் கொடுங்கள் என்றுதானே கேட்டேன்? அடுத்த வாரம் நான்காவது கிளை. ஒவ்வொரு கிளையிலும் தினமும் ரெக்கார்டு எண்ணிக்கையை ஒப்பிட ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன். டெஸ்டுக்கு இரண்டு நாள் வேண்டும் என்று மெயிலும் போட்டுவிட்டேன். பதில் வரும்வரை அந்த சர்வரில் கை வைக்க மாட்டேன்.