படிக்கவே விடாத வாசிப்புப் பயிற்சி

வெளிநாட்டில் படிக்கவோ பணியாற்றவோ செல்வோரின் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் வாசிப்புப் பகுதியில் 3 நீண்ட கட்டுரைகளைப் படித்து, 40 கேள்விகளுக்கு 60 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் எடுக்கப்படும் அக்கட்டுரைகளின் பொருள் ஒவ்வொரு முறையும் மாறுவதால், எதைப் பற்றியும் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கமே அதற்கான உண்மையான தயாரிப்பு. ஆனால், நான் இரண்டு மாதங்கள் சென்ற பயிற்சி மையத்தில் முதல் நாளே சொன்னது, கட்டுரையைப் படிக்காதீர்கள், கேள்வியில் உள்ள முக்கியச் சொல்லை மட்டும் தேடுங்கள் என்பதுதான்.

இது எத்தனை பெரிய கேடு என்பது ‘சரி, தவறு, குறிப்பிடப்படவில்லை’ என்ற வகைக் கேள்விகளில் தெரிந்துவிடும். ஒரு கூற்றைக் கட்டுரை மறுக்கிறதா, அல்லது அதைப் பற்றிப் பேசவே இல்லையா என்று பிரித்தறிவது சொல்லை மட்டும் தேடுகிறவரால் ஆகாத காரியம். தேனீக்கள் குறைந்துவிட்டன என்று கட்டுரையும், பூச்சிக்கொல்லியால் குறைந்தன என்று கேள்வியும் சொன்னால், செய்தித்தாளில் முன்பே படித்த அறிவு நம்மைச் ‘சரி’ என்று எழுதத் தூண்டும். கட்டுரையில் காரணம் இல்லையென்றால் விடை ‘குறிப்பிடப்படவில்லை’ என்பதே. இதை விளக்கும்படி கேட்டபோது, சந்தேகம் வந்தால் மூன்றாவதையே எழுதிவிடுங்கள் என்றார் ஆசிரியர்.

பிரிட்டனில் பதிவு பெற வாசிப்பில் 9-க்கு 7 மதிப்பெண் எடுத்தாக வேண்டிய செவிலியர்கள், இரவுப் பணி முடித்துக் கண்ணெரிய வந்து அமர்ந்திருந்த வகுப்பு அது. ஒரு நாளாவது, ஒரே ஒரு கட்டுரையையாவது, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எங்களோடு உட்கார்ந்து படித்திருக்கக் கூடாதா?