பாட்டுக்கு வயதுச் சான்றிதழ் கேட்காதீர்கள்

இதை 2025 கோடைத் தொடக்கத்தில் எழுதுகிறேன். போன சனிக்கிழமை நானும் மகளும் பிரெஸ்ட்விச்சிலிருந்து மான்செஸ்டர் நகரத்துக்கு டிராமில் போய்க்கொண்டிருந்தோம். அவளுக்கு 18 வயது. ஓயாசிஸ் என்ற மான்செஸ்டர் இசைக்குழுவின் பெயர் போட்ட கறுப்புச் சட்டை அணிந்திருந்தாள். இந்தக் கோடையில் இங்கே தெருவுக்குப் பத்துப் பேராவது அந்தச் சட்டையோடுதான் திரிகிறார்கள். எதிரே இருந்த மனிதருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டையை ஒரு தரம் பார்த்தார், அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு, அவர்களுடைய மூன்று பாட்டுகளைச் சொல் பார்ப்போம் என்றார்.

அவள் ஏழு சொன்னாள்.

அவருக்கு அது போதவில்லை. முதல் சிங்கிள் எந்த ஆண்டு வந்தது என்று கேட்டார். 1994 என்றாள். அந்த இசைத்தட்டின் மறுபக்கத்தில் என்ன பாட்டு இருந்தது? அவளுக்குத் தெரியவில்லை. கைபேசியில் பாட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு ஏது மறுபக்கம்? அவர் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியபடியே, பாட்டே தெரியாத பிள்ளைகள் டிக்கெட்டை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், உண்மையான ரசிகர்கள் வெளியே நிற்கிறார்கள் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். மகள் எதுவும் பேசவில்லை. மேலே போட்டிருந்த ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

அந்தச் சிப்பை இழுத்த சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ஒரு வாரமாக எனக்கு வயிறு எரிகிறது.

அவர் ஒருவர் என்றால் விட்டுவிடலாம். பிரிந்துபோன ஓயாசிஸ் மறுபடி சேர்ந்து பாடப்போகிறது என்று 2024 ஓகஸ்ட் 27ஆம் திகதி அறிவிப்பு வந்த நாளிலிருந்து என் வயதுக்காரர்கள் வாயில் இதே பேச்சுத்தான். வேலைத்தளத்தில் தேநீர் குடிக்கும் இடத்தில், கடையில், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில், எங்கே போனாலும். "1996இல் நீ எங்கே இருந்தாய்?" என்ற கேள்வியைக் கடவுச்சீட்டுப் பார்க்கிற அதிகாரி மாதிரிக் கேட்கிறார்கள்.

1996இல் நான் எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். கிழக்கு லண்டனில், இரண்டு குடும்பங்கள் இருந்த ஒரு வீட்டின் மேல்மாடியில். பதினேழு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு வருடம். அவர்களுடைய இரண்டாவது அல்பம் 1995 ஒக்டோபர் 2ஆம் திகதி வந்தது. அதே மாதம் 30ஆம் திகதிதான் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் கிளம்பிக் கிளாலிப் பக்கம் நடந்தது. அம்மம்மாவும் அதற்குள் நடந்தார். இரண்டு வாரம் எங்கள் வீட்டில் யாரும் தொலைபேசிக்குப் பக்கத்தை விட்டு நகரவில்லை. அம்மா சமைப்பார், ஒருவரும் சாப்பிடமாட்டோம். அந்த நாட்களில் வகுப்பில் ஒரு பெடியன் பதிந்து கொடுத்த கசெற்றை நான் போர்வைக்குள் வைத்துக் கேட்டேன். முழு இங்கிலீசும் விளங்கியது என்று சொல்லமாட்டேன். அந்தக் குரலில் இருந்த திமிர் விளங்கியது. எனக்கு அப்போது அது வேண்டியிருந்தது.

அசல் அல்பம் என்னிடம் இருக்கவில்லை. பதிந்த கசெற்தான். மறுபக்கத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி இருந்தார், அம்மாவின் பழைய கசெற்றில்தான் பதிந்து வாங்கினேன். அப்படியானால் டிராமில் இருந்த அந்த ஐயாவின் கணக்கில் நானும் உண்மையான ரசிகன் இல்லை. அப்போதும் ஒருவன் என்னிடம் கேட்டான், இது உங்கள் ஆட்கள் கேட்கிற பாட்டா என்று. அன்று என் தோலைப் பார்த்துக் கேட்டார்கள். இன்று என் பிள்ளையின் வயதைப் பார்த்துக் கேட்கிறார்கள். கேள்வி ஒன்றுதான், நீ யார் இங்கே வர?

ஓயாசிஸின் உயிரான அந்தச் சகோதரர்கள், நோயலும் லியமும், யார் என்பதாவது இவர்களுக்கு நினைவிருக்கிறதா? அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த பெற்றோரின் பிள்ளைகள். தாய் மேயோ பகுதிக்காரர். மான்செஸ்டரில் பேர்னேஜ் என்ற உழைப்பாளிகளின் பகுதியில், அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். யாரும் அவர்களுக்கு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை.

அதைவிடவும் ஒன்று. நோயல் பிறந்தது 1967இல். லியம் பிறந்தது 1972இல். பீட்டில்ஸ் குழு 1970இலேயே பிரிந்துவிட்டது. லியம் பிறக்குமுன்பே முடிந்துபோன குழு அது. நோயலுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. அந்த இரண்டு பேரும் பீட்டில்ஸ் மேல் வைத்த பைத்தியம் உலகத்துக்கே தெரியும். லியம் தன் மகனுக்கு பீட்டில்ஸ் பாடகர் லெனனின் பெயரை வைத்தார். பீட்டில்ஸுக்கு டிரம்ஸ் அடித்த ரிங்கோவின் மகன் ஸாக் ஸ்டார்க்கி சில வருடம் ஓயாசிஸுக்கே டிரம்ஸ் அடித்தார். 1965இல் நீ எங்கே இருந்தாய் என்று யாராவது லியமைக் கேட்டு அடக்கியிருந்தால், இன்று இந்த ஐயா பெருமைப்படுகிற பாட்டுகளில் ஒன்றாவது இருந்திருக்குமா? தான் பிறக்குமுன் வந்த பாட்டை ஒரு பிள்ளை தன்னுடையது என்று எடுத்துக்கொண்டதால்தானே ஓயாசிஸே உண்டானது!

நெப்வேர்த்தில் ஓயாசிஸ் நடத்திய பெரிய நிகழ்ச்சி பற்றியும் பேசிவிடுவோம், எல்லோரும் அதைத்தானே இழுக்கிறார்கள். 1996 ஓகஸ்ட் 10, 11. ஒரு இரவுக்கு 125,000 பேர். இரண்டு இரவுக்கு இரண்டரை லட்சம். டிக்கெட் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். அதாவது பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்குக் கிடைத்தது. எங்கள் தலைமுறையிலேயே பெரும்பாலானவர்கள் போகவில்லை. நானும் போகவில்லை. டிக்கெட் 22 பவுண்டு 50 பென்ஸ். அப்பா இரவில் பெட்ரோல் நிலையத்தில் நின்று உழைத்த காசு ஊருக்கும் போகவேண்டியிருந்தது, கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை. 2009 ஓகஸ்ட் 28ஆம் திகதி பாரிஸில் மேடைக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்து, அதோடு குழு முடிந்தது. மகளுக்கு அன்று இரண்டு வயது.

இதை ஆறுதலாக யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்தக் குழுவைப் பார்க்கப் பதினைந்து வருடம் கிடைத்தது, நான்தான் பார்க்கவில்லை. அவளுக்கு நினைவு தெரிந்து ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. இதில் எவர் இடத்தை எவர் பிடித்தார் என்கிறீர்கள்?

அவள் எப்படி அந்தப் பாட்டுக்குள் வந்தாள் என்று கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. 2017 மே 22. மான்செஸ்டர் அரீனாவில் ஒரு இசை நிகழ்ச்சி முடிந்து பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். மகளுக்குப் பத்து வயது. அவளோடு படிக்கிற ஒரு பிள்ளையின் அக்கா அன்று உள்ளே இருந்தாள், உயிரோடு வந்தாள். மூன்று நாள் கழித்து சென்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் ஒரு நிமிட மௌனம். முடிந்ததும் கூட்டத்தில் ஒரு பெண் தனியாகப் பாட ஆரம்பித்தார். ஓயாசிஸின் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்'. பக்கத்தில் நின்றவர்கள் சேர்ந்தார்கள், பிறகு சதுக்கம் முழுவதும் சேர்ந்தது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த என் மகள், அப்பா இது என்ன பாட்டு என்று கேட்டாள். நான் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த மாதம் ஓல்ட் டிராஃபோர்ட் கிரிக்கெட் மைதானத்தில் நடந்த நினைவு நிகழ்ச்சியில் லியம் வந்து பாடியபோது அவள் என் மடியில் இருந்து பார்த்தாள்.

மறுபக்கத்தில் என்ன பாட்டு என்று கேட்டீர்களே ஐயா. இந்த ஊரில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு எப்படி வந்து சேர்ந்தது என்று ஒரு நிமிடம் நினைத்தீர்களா?

அப்புறம், டிக்கெட். வயிற்றெரிச்சலின் அடி அங்கேதான் இருக்கிறது. 2024 ஓகஸ்ட் 31, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. நான் ஒரு கணினியில், மகள் இன்னொன்றில், மனைவி கைபேசியில். வரிசைக்குள் போவதற்கே ஒரு வரிசை. உள்ளே போனால் எங்களுக்கு முன்னால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மத்தியானச் சோற்றைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டோம். மனைவியை மனிதர் இல்லை, இயந்திரம் என்று முடிவுகட்டி வெளியே தள்ளினார்கள். ஆறு மணிநேரம் கழித்து என் திரையில் டிக்கெட் தெரிந்தது. காலையில் 150 பவுண்டு அளவில் இருந்த நின்று பார்க்கிற இடம் 350 பவுண்டைத் தாண்டியிருந்தது. அதே புல்தரை. அதே மழை. யோசிக்க ஒரு சில நிமிடம்தான், கடிகாரம் குறைந்துகொண்டே வருகிறது. எழுநூறு பவுண்டுக்கு மேல் கொடுத்து இரண்டு எடுத்தேன். கை நடுங்கியது. மனைவி தன் இடத்தை விட்டுக்கொடுத்தாள்.

இந்த விலை விளையாட்டு பற்றித் தங்களுக்கு முன்கூட்டித் தெரியாது என்று குழு அறிக்கை விட்டது. பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் டிக்கெட் விற்ற நிறுவனத்தின்மேல் 2024 செப்டம்பரிலேயே விசாரணை தொடங்கியது. 2025 மார்ச்சில் தன் கவலைகளை வெளியிட்டது. சில இருக்கைகளுக்குப் பிளாட்டினம் என்று பெயர் ஒட்டி, சாதாரண டிக்கெட்டைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலைக்கு விற்றிருக்கிறார்கள். அதற்கு மேலதிக வசதி ஒன்றும் கிடையாது. நின்று பார்க்கிற இடத்துக்கு இரண்டு விலை வைத்து, குறைந்ததை முதலில் விற்று முடித்துவிட்டு, அதன்பின் கூடியதை விட்டிருக்கிறார்கள். வரிசையில் நின்றவனுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

இதைப் பற்றி டிராமில் யாரும் கோபப்பட்டு நான் காணவில்லை! சட்டை போட்ட பிள்ளைமேல்தான் கோபம். மணிக்கணக்காகக் காத்திருந்தவனின் பையைத் துழாவினது யார், வாசலில் விலையைக் கூட்டினது யார் என்று கேட்கத் துணிவில்லாமல், பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் மறுபக்கப் பாட்டுக் கேட்கிறார்கள். அவள் சனிக்கிழமைகளில் கோப்பிக் கடையில் நின்று உழைத்த காசில் எனக்கு 200 பவுண்டு திருப்பித் தந்திருக்கிறாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவையும் சொல்லவேண்டும். 71 வயது. அவரும் அயர்லாந்துக்காரி. 1996 ஏப்ரலில் மேய்ன் ரோட் மைதானத்தில் அவர்கள் பாடியபோது, தன் பதின்மூன்று வயது மகனைக் கூட்டிக்கொண்டு போனவர். மழைக்கோட்டு இரண்டு, சாண்ட்விச் நாலு கட்டிக்கொண்டு போனாராம். அந்த மகன் இப்போது ஆஸ்திரேலியாவில். இந்தத் தடவையும் அவருக்குப் போக ஆசை. கணக்குத் திறக்கச் சொல்கிறது, குறியீடு அனுப்புகிறது, நேரம் முடிந்துவிட்டது என்கிறது. அவர் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டியபோது எல்லாம் விற்று முடிந்துவிட்டது. இளம் பிள்ளைகள்மேல் அவர் ஒரு சொல் சொல்லவில்லை. மகளிடம், எந்தப் பக்கம் நின்றால் நன்றாகக் கேட்கும், செருப்புப் போடாதே, சப்பாத்துப் போடு என்று புத்தி சொன்னார். மேய்ன் ரோட் கதையை வைத்து அவர் யாரையும் சோதிக்கவில்லை. அங்கே போனவனுக்கும் போகாதவனுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

2025 ஜூலை 4ஆம் திகதி ஓயாசிஸ்காரர்கள் கார்டிஃபில் தொடங்குகிறார்கள். 11ஆம் திகதி ஹீட்டன் பார்க். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். இப்போதே பூங்காப் பக்கம் வேலியடைக்கிற சத்தம் கேட்கிறது. பக்கத்து வீட்டு அம்மா தோட்டத்தில் நாலு கதிரை போட்டிருக்கிறார், காற்று இந்தப் பக்கம் அடித்தால் முழுப் பாட்டும் கேட்கும் என்கிறார். என் மனைவி அவரோடு இருந்து கேட்கப் போகிறாள். மகள் அந்த டிராம் பயணத்துக்குப் பிறகு அந்தச் சட்டையை வெளியே போடவில்லை என்று முந்தாநாள்தான் கவனித்தேன். அலுமாரியில் மடித்து அடியில் வைத்திருந்தாள். எடுத்து, என் கையாலே தோய்த்து, காயப்போட்டு, மடித்து அவள் கட்டிலில் வைத்தேன்.

டிராமில் வந்த ஐயா, நீங்களும் அன்று அங்கே வருவீர்கள் என்று நினைக்கிறேன். அவள் அந்தச் சட்டையோடுதான் வருவாள். ஜாக்கெட் இல்லாமல்.